கடைசியாக முடித்தவன்

உடம்புக்குத் தமிழிலே மெய் என்றும் ஒரு பெயர் உண்டு. உண்மைக்கும் அதுவே பெயர். இலக்கண வகுப்பிலே ஒற்றெழுத்துக்கும் அதுவே பெயர். இம்மூன்று பொருளையும் முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குச் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லி வந்தவனுடைய மெய் எந்நிலையில் இருக்கிறது என்பதை மாத்திரம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கச் செய்தது ஓர் அந்தியேட்டிப் பந்தி.

2022ஆம் ஆண்டு. உறவினர் வீடொன்றிலே பந்திப்பாயில் இருந்து உண்டேன். உண்டு முடித்து எழ முயன்றேன், எழ முடியவில்லை. வலக்கையை ஊன்றினேன்; முழங்கால் மறுத்தது. இடக்கையையும் ஊன்றினேன்; இடுப்பு மறுத்தது. இருபக்கத்தாரும் எழுந்து கைகழுவச் சென்றுவிட்டனர். அடுத்த பந்திக்கு வந்தவர்கள் வாயிலிலே காத்து நின்றனர். அப்பொழுது சாம்பார் பரிமாறிக்கொண்டு நின்ற ஒருவன், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, "ஐயா, கையைத் தாங்கோ" என்றான். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன். அவன் தூக்க, நான் எழுந்தேன்.

முதுமை, நோய், வருத்தம், எளிமை என்னும் நான்கினாலே இளிவரல் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். அந்தச் சூத்திரத்தை எத்தனையோ முறை பாடஞ் சொன்னவன் நான். நான்கும் ஒருங்கே கூடி ஒருவன்மேல் வந்திறங்குவது எப்படியிருக்கும் என்பதை அந்தப் பாயிலேதான் கற்றேன். அப்பொழுது எனக்கு வயது 54.

அடுத்த ஆண்டு, விடுப்புப் பெற்றுக் கனடாவிலே ஸ்காபரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றேன். நான் கதிரையின் கையைப் பிடித்து எழுவதையும் படியின் கைவரிசையைப் பிடித்து இறங்குவதையும் அவள் மூன்று நாள் பார்த்திருந்தாள். நாலாம் நாள், "அப்பா, நாளைக்கு என்னோடை ஒருக்கா வந்து பாருங்கோ. பிடிக்காட்டி விடுங்கோ" என்றாள். அவள் வேலைக்குப் போகுமுன், காலை 6 மணிக்குச் செல்லும் உடற்பயிற்சிக் கூடத்துக்குத்தான் அந்த அழைப்பு.

கண்ணாடி இல்லாத கூடம்

ஜிம் என்றவுடன் நம் மனக்கண்ணிலே ஒருவகைக் காட்சி தோன்றும். சுவர் நிறையக் கண்ணாடி. வரிசை வரிசையாக இயந்திரம். காதிலே பாட்டுக்கருவியை மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தத்தம் தோளையும் மார்பையும் கண்ணாடியிலே கண்டு நிற்கும் இளைஞர். மகள் அழைத்துச் சென்ற இடம் அவ்வாறில்லை. மோட்டார் வாகனந் திருத்தும் கடைக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவே, மேலே சுருண்டேறும் இரும்புக் கதவுடைய ஒரு பண்டசாலை. உள்ளே றப்பர் விரித்த தரை. சுவரோரம் இரும்புச் சட்டங்கள், அவற்றின் குறுக்கே கம்பிகள். உத்தரத்திலிருந்து பட்டியிலே தொங்கும் மரவளையங்கள். ஒரு மூலையிலே கைப்பிடி வைத்த இருப்புக்குண்டுகள். மறுமூலையிலே மரப்பெட்டிகள், பாரப்பந்துகள், கயிறுகள். கண்ணாடி ஒன்றுதானும் இல்லை. கண்ணாடி இருக்கத்தக்க சுவரிலே ஒரு கரும்பலகை இருந்தது. கரும்பலகையைக் கண்டவுடன் எனக்குப் பாதி அச்சம் நீங்கியது. இதுவும் ஒரு பள்ளிக்கூடந்தானே என்று எண்ணினேன்.

அங்கே நிகழும் பயிற்சியை 'பங்ஷனல் பிற்னஸ்' என்கிறார்கள். செயற்பயிற்சி என்று நாம் சொல்லலாம். இயந்திரத்திலே அமர்ந்து ஒரு தசையை மாத்திரம் தனியே வருத்துவது இதன் நோக்கமன்று. குந்துதல், எழுதல், நிலத்திற் கிடப்பதைத் தூக்குதல், தூக்கியதைச் சுமத்தல், தள்ளுதல், இழுத்தல், ஏறுதல் என்று வாழ்க்கை நம்மிடம் கேட்கும் அசைவுகளையே பயிற்சியாக ஆக்கிக்கொள்வது.

எங்கள் பாட்டன்மார்க்கு இதைச் சொன்னால் நகைப்பார்கள். அவர்கள் துலாவிலே ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்கள். பாட்டிமார் உரலிலே நெல் குற்றினார்கள், ஆட்டுக்கல்லிலே அரைத்தார்கள், இடுப்பிலே குடம் சுமந்தார்கள், நாளிலே பன்முறை குந்தி எழுந்தார்கள். நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா போயிற்று. ஆலை வந்தது, உரல் போயிற்று. அவை போனமைக்காக நாம் அழவேண்டியதில்லை. அவ்வுழைப்பினாலே முதுகு முறிந்தவர் பலர். ஆயினும், வேலையோடு வந்த வலிமையும் வேலையோடு போய்விட்டது என்பதை மறுத்தற்கில்லை. போன வலிமையை வேண்டுமென்றே தேடிச் செல்லும் காலத்திலே இருக்கிறோம்.

வலிமை எதற்கு?

இவ்வகைப் பயிற்சிக்குத் தந்தையர் பலர். அவர்களுள்ளே என் மனத்தைக் கவர்ந்தவர் பிரான்சு தேசத்துக் கடற்படை அதிகாரியாகிய ஜோர்ஜ் எபேர். 1902ஆம் ஆண்டு மே மாதத்திலே மார்த்தினிக் தீவிலுள்ள பெலே எரிமலை வெடித்தது. சென் பியர் என்னும் நகரம் அழிந்தது. ஏறத்தாழ 30,000 மக்கள் மாண்டனர். மீட்புப் பணியிலே ஈடுபட்ட எபேர், உடல்வலி மட்டும் உடையவன் ஆபத்திலே பயன்படுவதில்லை. வலியோடு துணிவும் பிறர்க்கு உதவும் உள்ளமும் வேண்டும் என்று கண்டார். நடத்தல், ஓடுதல், தாவுதல், நாலுகாலாற் செல்லுதல், ஏறுதல், சமநிலை பேணல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் எனப் பத்துவகைப் பயிற்சிகளை அவர் வகுத்தார். பயன்படுவதற்காகவே வலிமை பெறுக என்பது அவர் கொள்கை.

கூடத்திலே கிடந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வரலாறு இருந்தது. கைப்பிடி வைத்த இருப்புக்குண்டு ருஷிய தேசத்துச் சந்தைகளிலே தானியம் நிறுக்கும் படிக்கல்லாக இருந்தது. இன்றும் சிலர் அதன் நிறையைப் 'பூட்' என்னும் பழைய ருஷிய அளவையாற் சொல்வர். ஒரு பூட் 16 கிலோகிராமிலும் சற்றே கூடியது. நின்றவர் குந்தி, கைகளை ஊன்றிக் கால்களைப் பின்னே நீட்டி, மீண்டும் எழும் பயிற்சியை 'பேர்ப்பி' என்றார்கள். வேடிக்கைக்கு இட்ட பெயரென்று நினைத்தேன். அன்று, 1930களிலே அதனை உடற்றகுதியை அளக்கும் சிறு சோதனையாக வகுத்த அமெரிக்க உடலியலறிஞர் றோயல் பேர்ப்பியின் பெயர் அது. 20 விநாடி முழுமூச்சான உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்று எட்டு முறை செய்யும் நான்கு நிமிடப் பயிற்சிக்கு 'தபாட்டா' என்று பெயர். இசுமி தபாட்டா என்னும் யப்பானிய அறிஞர் 1996ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சியால் அது உலகறிந்தது.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓர் இயக்கமாக்கியவர் கிறெக் கிளாஸ்மன். முன்னர் ஜிம்னாஸ்ரிக் வீரராயிருந்தவர். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரிலே, 2000ஆம் ஆண்டளவில், 'கிறொஸ்பிற்' என்னும் பெயரோடு அவர் தொடங்கியது, பின்னர் உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட சிறு கூடங்களாகப் பெருகியது. அவ்வியக்கத்தார் தம் கூடத்தைப் 'பெட்டி' என்று அழைப்பர். ஒரு நாளைக்கு ஒரு பாடம். நாளுக்கு நாள் வேறு பாடம். எல்லாரும் ஒருங்கே செய்யும் பாடம்.

புகழ்பெற்ற பாடங்கள் சிலவற்றுக்குப் பெண்களின் பெயர் இட்டிருக்கிறார்கள். புயலுக்குப் பெயரிடுவதுபோல, மனிதனை மல்லாத்தி வானத்தைப் பார்க்கவைக்கும் பயிற்சிக்கும் பெயரிடலாம் என்பது கிளாஸ்மன் கூறிய காரணம். வேறு சிலவற்றுக்குப் போரிலே மாண்டவர்களின் பெயர். அவற்றுள்ளே ஒன்று 'மேர்பி'. ஒரு மைல் ஓட்டம், 100 முறை கம்பியிலே தொங்கி எழுதல், 200 தண்டால், 300 முறை குந்தி எழுதல், மீண்டும் ஒரு மைல் ஓட்டம். 2005ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஆப்கானிஸ்தானிலே மாண்ட அமெரிக்கக் கடற்படை வீரர் மைக்கல் மேர்பி விரும்பிச் செய்த பயிற்சி அது. ஆண்டுதோறும் மே மாத இறுதியிலே அவர் நினைவாகப் பல்லாயிரவர் அதனைச் செய்கின்றனர். மாண்டார்க்கு நடுகல் நாட்டிய மரபிலே வந்தவர்க்கு இது விளங்காத செய்தியன்று. கல்லுக்குப் பதிலாகத் தம் உடம்பையே நாட்டுகிறார்கள்.

கரும்பலகையும் மெய்யும்

முதல் நாளிலே பயிற்றுநர் என்னை எந்தப் பாரத்தையும் தொடவிடவில்லை. அவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. "கையூன்றாமல் நிலத்தில் இருந்து, கையூன்றாமல் எழும்புங்கள், முடிந்த அளவு செய்யுங்கள்" என்றார். பந்திப்பாய் கடல் கடந்து என் பின்னாலே வந்துவிட்டதோ என்று திகைத்தேன்.

பிறேசில் நாட்டு மருத்துவர் குளோடியோ கில் அறாவுஜோவும் அவர் துணைவரும் வகுத்த சோதனை அது. இருத்தலுக்கு ஐந்து புள்ளி. எழுதலுக்கு ஐந்து புள்ளி. கை, முழங்கால் என ஊன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழியும். தள்ளாடினால் அரைப்புள்ளி கழியும். 51 முதல் 80 வரை வயதுடைய 2,002 பேரை இவ்வாறு சோதித்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, குறைந்த புள்ளி பெற்றவரிடையே இறப்பு மிகுதி என்று 2012ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்டனர். எனக்குக் கிடைத்த புள்ளி பத்துக்கு மூன்று. சாதாரணதரப் பரீட்சையிலே நூற்றுக்கு முப்பத்தைந்து பெறாதவனுக்குச் சித்தியில்லை என்று பிள்ளைகளை எச்சரிக்கும் ஆசிரியன், நிலத்தில் இருந்தபடியே தன் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

பயிற்றுநர் சிரிக்கவில்லை; இரங்கவுமில்லை. முப்பது வயதைக் கடந்தபின் தசை மெல்ல மெல்லக் குறைவது யாவர்க்கும் இயல்பு என்றும், பாரம் எடுத்துப் பழகினால் எந்த வயதிலும் அதனை ஓரளவு மீட்கலாம் என்றும் கூறினார். உலக சுகாதார தாபனம் 2020ஆம் ஆண்டிலே வெளியிட்ட நெறிமுறையும், வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடம் மிதமாக உடல் உழைப்பதோடு, இரண்டு நாளாயினும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்தல்வேண்டும் என்றே கூறுகிறது. நடந்தாற் போதும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவர்களுள் நானும் ஒருவன்.

அக்கூடத்தின் கற்பிக்கும் முறையை ஆசிரியன் என்ற முறையிலே உற்று நோக்கினேன். கரும்பலகையிலே எழுதப்பட்ட பாடம் எல்லார்க்கும் ஒன்றே. ஆயின் அதன் அளவு ஒருவர்க்கிருந்து ஒருவர்க்கு வேறு. இளைஞன் தோளிலே பாரத்தை வைத்துக் குந்துவான். குழந்தை பெற்று ஆறு மாதமான தாய் பாரமின்றிக் குந்துவாள். நான் மரப்பெட்டியிலே இருந்து எழுவேன். மூவரும் செய்வது குந்தியெழுதலே. தேறாதவனுக்கு வேறு வகுப்பு என்னும் பேச்சு அங்கில்லை. கிழமைக்குக் கிழமை என் பெட்டியின் உயரத்தைக் குறைத்தார்கள். ஜூலை நடுவிலே, பெட்டியின்றிக் குந்தி எழுந்தேன். அன்று எனக்குண்டானது இளிவரலுக்கு நேர்மாறான பெருமிதம்.

பாடம் முடிந்தபின் அவரவர் தம் பெயருக்கெதிரே தாம் எடுத்த நேரத்தையும் தூக்கிய பாரத்தையும் தாமே எழுதுவர். எண்ணுபவர் எவருமில்லை. ஒரு நாள், முதலாவதாக முடித்த இளைஞன் ஒருவன் கூடத்தை விட்டுப் போனவன் திரும்பி வந்தான். தன் நேரத்தை அழித்தான். தான் ஒரு சுற்றை மறந்துவிட்டதாகச் சொல்லி, அதனைச் செய்து முடித்தபின் புதிய நேரத்தை எழுதிப் போனான். ஐந்தாம் இடத்துக்கு இறங்கியதுபற்றி அவன் வருந்தவில்லை. உடம்புக்கும் உண்மைக்கும் மெய் என்ற ஒரு பெயரையே வைத்த நம் முன்னோரை அப்பொழுது நினைத்தேன்.

வட்டமாக நின்று

மேல்நாட்டிலே அண்டை வீட்டாரும் முகமறியார் என்று கேள்விப்பட்டுச் சென்றவன் நான். இந்தக் கூடத்திலே கண்டது வேறு. இரவுப் பணி முடித்து வரும் மருத்துவத் தாதி, பஸ் சாரதி, எழுபதை எட்டிய ஓய்வுபெற்ற தபாற்காரர், இரண்டு மாணவர், மூலையிலே தொட்டிற்கூடையில் உறங்கும் குழந்தையின் தாய், என் மகள் என்று பன்னிரண்டு பேர் வருவர். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர் தொலைபேசியிலே விசாரிப்பர். பயிற்சி முடிந்ததும் தாம் எடுத்த பாரத்தை மாத்திரமன்றிப் பிறர் எடுத்ததையும் சேர்த்து ஒதுக்குவர். என்னை 'ரீச்சர்' என்று அழைத்தனர். எம்மூரிலே அது பெண் ஆசிரியர்க்கு வழங்கும் பெயர் என்பதை நான் இறுதிவரை சொல்லவில்லை.

வீடும் வேலைத்தலமும் அல்லாத மூன்றாம் இடமொன்று மனிதர்க்கு வேண்டும் என்று றே ஓல்டன்பேர்க் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1989ஆம் ஆண்டிலே ஒரு நூலில் எழுதினார். நாம் அதனை நூலிலே கற்கவேண்டியதில்லை. நம் கிராமத்து வாசிகசாலைத் திண்ணையிலேயே கற்றவர்கள். அத்திண்ணைகள் இன்று வெறுமையாகிக் கிடக்க, கனடாவின் பண்டசாலை ஒன்றிலே அதனை மீண்டுங் கண்டேன்.

தொடங்குமுன் எல்லாரும் வட்டமாக நிற்பர். பயிற்றுநர் ஒரு வினாவைக் கேட்பார். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி விடை கூறவேண்டும். பெரும்பாலும் விளையாட்டு வினாவே. ஒரு நாள் கேட்ட வினா: "நீங்கள் வாழ்க்கையிலே சுமந்த மிகப் பாரமான பொருள் எது?" ஒருவர் பியானோ என்றார், ஒருவர் குளிர்ப்பெட்டி என்றார். என் முறை வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஓரிரவிலே பெயர்ந்தபோது, மழையிலே, நெருக்குண்ட வீதியிலே, சைக்கிளின் பின்னே தாயாரை இருத்தித் தென்மராட்சிக்குத் தள்ளிச் சென்றேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலே சொன்னேன். அவர் பாரம் பெரிதன்று; இறக்கி வைக்க முடியாமையே பாரம் என்றும் சொன்னேன். எவரும் ஒன்றும் பேசவில்லை. அருகில் நின்ற பஸ் சாரதி என் தோளிலே கைவைத்தார். அப்பொழுது எனக்கு வயது 27. அன்று தாயைத் தள்ளிய கால்கள் அவை. அவற்றை இத்தனை காலம் பேணாமல் விட்டேனே என்ற வருத்தம் அன்றுதான் முழுமையாக வந்தது. எபேரின் கொள்கையும் அன்றுதான் எனக்குப் பொருளாயிற்று.

அக்கூடமும் சோதனைக்கு உட்பட்டதுண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனா நோய் காரணமாக ஒன்ராறியோ மாகாணத்தின் உடற்பயிற்சிக் கூடங்கள் பல மாதங்கள் மூடப்பட்டன. இருந்த குண்டுகளையும் கம்பிகளையும் உறுப்பினரின் வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, கட்டணத்தை மாத்திரம் பலர் நிறுத்தாமற் செலுத்தி வந்தனர் என்று மகள் கூறினாள். 2020 ஜூன் மாதத்திலேயே மற்றொரு சோதனை வந்தது. ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பினத்தவர் பொலிசாராற் கொல்லப்பட்டமை பற்றிக் கிளாஸ்மன் கூறிய சொற்கள் பலரைப் புண்படுத்தின. நூற்றுக்கணக்கான கூடங்கள் 'கிறொஸ்பிற்' என்னும் பெயரை நீக்கின. கிளாஸ்மன் பதவி விலகி நிறுவனத்தையும் விற்றார். இச்சிறு கூடமும் அப்பொழுதே அப்பெயரை விட்டது. பெயர்ப்பலகை இறங்கியது; ஆனால் மறுநாள் வந்தவர்கள் முன்னாள் வந்தவர்களே.

குறைகளையும் சொல்லவேண்டும். மாதக் கட்டணம் பெரிது, எளியவர்க்கு எட்டாது. அளவு மிஞ்சினால் ஆபத்தும் உண்டு. பழகாத உடம்பு ஒரே நாளிலே மட்டின்றி உழைத்தால் தசையிழைகள் சிதைந்து, அவற்றின் கூறுகள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். "நாளைக்கு வரமுடியாதபடி இன்றைக்குச் செய்யாதீர்கள்" என்று எங்கள் பயிற்றுநர் கிழமைதோறும் எச்சரிப்பார். போட்டி வெறியின் கொடுமைக்கும் சான்று உண்டு. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட் வேர்த் நகரிலே நடந்த கிறொஸ்பிற் பெரும்போட்டியிலே சேர்பிய வீரர் லாசர் ஜூகிச் நீச்சலின்போது மூழ்கி மாண்டார். பெரும்போட்டிக்கும் சிறு கூடத்துக்கும் பயிற்சி ஒன்றாயினும் உள்ளம் ஒன்றன்று.

கடைசிச் சுற்று

நான் திரும்பி வருவதற்கு முன் கடைசிக் கிழமை. கரும்பலகையிலே 'எலன்' என்று எழுதியிருந்தது. 400 மீற்றர் ஓட்டம், இருப்புக்குண்டை இடுப்பின் விசையால் வீசியெடுத்தல் 21, கம்பியிலே தொங்கி எழுதல் 12. இவ்வாறு மூன்று சுற்று, விரைவாக முடிக்கவேண்டும். எனக்கு அளந்த பாடம் வேறு: 200 மீற்றர் நடை, 8 கிலோக் குண்டினாலே 12 வீச்சு, வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து நின்று உடம்பை இழுத்தல் 8.

வல்லவர்கள் பத்து நிமிடத்திலே முடித்தனர். பதினைந்து நிமிடத்திலே எல்லாரும் முடித்தனர். நான் அப்பொழுதுதான் மூன்றாஞ் சுற்றுக்கு வெளியே நடக்கப் புறப்பட்டேன். மூச்சு வாங்கிற்று. எல்லாரும் வேலைக்குப் போகவேண்டியவர்கள். நான் திரும்பி வருமுன் போய்விடுவார்கள், நானும் மெல்லக் கதிரையிலே இருந்துவிடலாம் என்று எண்ணினேன். பாதி வழியிலே பக்கத்திலே காலடி கேட்டது. தபாற்காரர். தம் பாடத்தை முடித்தவர் எனக்குத் துணையாக மறுபடியும் நடக்க வந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை, என் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக்கொண்டார்.

உள்ளே வந்தேன். ஒருவரும் போகவில்லை. ஒரு குண்டுதானும் ஒதுக்கப்படவில்லை. முடிக்காதவன் ஒருவன் இருக்கும்வரை எவரும் பொருள்களை ஒதுக்குவதில்லை என்பது அக்கூடத்தின் எழுதாத சட்டம். வட்டமாக நின்றார்கள். வளையத்தைப் பிடித்தபோது மகள் தமிழிலே எண்ணினாள். மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்து, தெரிந்தவாறு எண்ணினார்கள். எட்டு என்று சொன்னபோது எழுந்த கைதட்டு, முதலாவதாக முடித்தவனுக்கு எழவில்லை. பலகையிலே 19 நிமிடம் 40 விநாடி என்று என் கையாலே எழுதினேன். கடைசி இடம்.

அங்கே நின்றபோதுதான் அவன் நினைவு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என் யாப்பிலக்கண வகுப்பிலே ஒரு மாணாக்கன் இருந்தான். வெண்பாவைக் கொடுத்துச் சீர் பிரித்து, அலகிட்டு, வாய்பாடு கூறுக என்றால், பிழையின்றிச் செய்வான். ஆனால் எல்லாரும் முடித்தபின்பே முடிப்பான். ஒரு நாள் மணி அடித்தது. அவன் ஈற்றடியிலே நின்றான். "ஒரு நிமிசம் ஐயா" என்றான். நான் தாளை இழுத்தெடுத்து, "கடைசியாய் வாறவனுக்காக உலகம் நிண்டுகொண்டிராது" என்றேன். வகுப்பு சிரித்தது. அடுத்த தவணையிலே அவன் தமிழை விட்டு வேறு பாடத்துக்குப் போனான். ஆண்டு முடிவிலே பள்ளிக்கூடத்தையே விட்டான். முதலாவதாக முடித்தவர்களின் பெயர் பலவற்றை மறந்துவிட்டேன். அவன் பெயரை மறக்கவில்லை.

அந்தியேட்டி வீட்டிலே சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தவன் அவனே. நான் எழும்வரை ஒரு பந்தி முழுவதையும் அவன் காத்து நிற்க வைத்தான்.

ஊருக்கு வந்தபின், இரும்புக்குண்டு வாங்க வசதியில்லை, தேவையுமில்லை. எங்கள் வாசிகசாலை முற்றத்திலே நாங்கள் ஐந்து பேர் காலையிலே கூடுகிறோம். மணல் நிறைத்த பையும் நீர் நிறைத்த கலனுமே எங்கள் பாரம். சுவரிலே ஒரு சிறு கரும்பலகை. நிலத்தில் இருந்தெழும் சோதனையிலே இன்று எனக்குப் புள்ளி ஏழு. ஒரு கையை இன்னும் ஊன்றுகிறேன்.

வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். பயிற்சியை ஒன்றாகவே கொடுக்கிறேன். அளவை அவரவர்க்கேற்பக் கொடுக்கிறேன். கடைசி மாணாக்கன் முடிக்கும்வரை எவரும் புத்தகத்தை மூடுவதில்லை. பாடத்திட்டம் பின்தங்காதா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். சில நாள் பின்தங்குகிறது. அதற்கு நான் சனிக்கிழமைகளிலே ஈடுசெய்கிறேன்.

அவனைத் தேடிச் சென்று அந்தத் தாளைப்பற்றிச் சொன்னேன். நான் செய்தது பிழை என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். "அதை நான் எப்பவோ மறந்திட்டன், ஐயா" என்றான். மறந்தானோ, என் பொருட்டு மறந்ததாகச் சொன்னானோ அறியேன். அவனுடைய மகள் இவ்வாண்டு என் வகுப்பிலே இருக்கிறாள். அவளும் கடைசியாகவே முடிப்பாள். நாங்கள் காத்திருக்கிறோம்.